இரவல் இன்பம்: பழைய கணனி விளையாட்டுக்களும் திருகோணமலைத் துறைமுகப் பகுதியும்

1

கலைவடிவமொன்று தான் தோன்றிய சமூகத்தளம் மறைந்தொழிந்த பின்னரும் மனிதருக்கு இன்பம் பயப்பது எங்ஙனம் என்னும் வினாவை, 1857ஆம் ஆண்டில் எழுதி முற்றுப்பெறாது விட்ட முன்னுரையொன்றின் இறுதியில் மார்க்ஸ் எழுப்பினார். வெடிமருந்தும் அச்சியந்திரமும் வந்துவிட்ட உலகிலே கிரேக்க காவியம் பிறத்தல் இயலாது. அதனை விளங்கிக்கொள்வது எளிது. அக்காவியம் இன்றும் எம்மை ஏன் ஈர்க்கின்றது என்பதே கடினமான வினா என அவர் கண்டார். விடைதேடும் வழியில் அவர் கையாண்ட உவமை குழந்தைப் பருவம் பற்றியதாகும். வளர்ந்த ஒருவர் மீண்டும் குழந்தையாக முயன்றால் அது சிறுபிள்ளைத்தனமாகவே முடியும். எனினும் குழந்தைமையின் உண்மையை மேலானதொரு படியிலே மீண்டும் ஆக்கிக்கொள்ள அவர் விழைவது தகும் என்பது அவ்வுவமையின் சாரம்.

தமிழிலக்கிய ஆய்வாளருக்கு இவ்வினா புதியதன்று. கைலாசபதி பண்டைத் தமிழரின் வீரயுகப் பாடல்களையும், சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தையும் ஆராய்ந்தபோது, பழைய வடிவங்களுக்கும் அவற்றைத் தோற்றுவித்த வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பே அவர்தம் விசாரணைக்கு அடித்தளமாக இருந்தது. அவ்விசாரணையை, அறிஞர் அவைகளில் அதிகம் மதிப்புப் பெறாத ஒரு பொருளின்மீது செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முப்பது, நாற்பது வயதைக் கடந்தோர் 1980களினதும் 1990களினதும் வீட்டுக் கணனிகளையும் வீடியோ விளையாட்டுக் கருவிகளையும் தேடியெடுத்து, தூசு துடைத்து, திருத்தி, ஆடி மகிழும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. சந்தை இதனை விரைந்து இனங்கண்டுகொண்டது. 2016இல் நின்டென்டோ நிறுவனம் தன் பழைய கருவியைச் சிற்றுருவில் 30 விளையாட்டுக்களுடன் மீண்டும் விற்றது. 2019இல் கொமடோர் 64 கணனியின் முழுவடிவப் பிரதியும், 2023இல் அட்டாரியின் பழைய கருவியும், 2024இல் சின்கிளயர் ஸ்பெக்ட்ரமும் புத்துருப் பெற்றுக் கடைக்கு வந்தன. வாங்குபவரின் சொந்த இளமையே விலைச்சீட்டு ஒட்டப்பட்டு அவரிடம் மீள விற்கப்படுகின்றது எனலாம்.

இவ்வழக்கத்தைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. சந்தை இதனைப் பழம்நினைவேக்கம் எனப் போற்றுகின்றது. முற்போக்காளர் பலர் இதனைத் தப்பித்தல் என்றும் சிறுபிள்ளைத்தனம் என்றும் ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரண்டும் ஒரே எடுகோளிலிருந்து பிறப்பவை: விளையாடுபவர் ஒரு காலத்தில் தமக்குச் சொந்தமாயிருந்த ஒன்றிற்குத் திரும்பிச் செல்கிறார் என்பதே அவ்வெடுகோள். திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து நோக்குமிடத்து அவ்வெடுகோள் பொருந்தவில்லை. இங்கு இவ்வின்பம் இரவலின் நினைவு. தமக்கு ஒருபோதும் சொந்தமாகாத ஒன்றைப் பலர் கூடிப் பகிர்ந்துகொண்டதன் நினைவு. இவ்வேறுபாட்டை நிறுவுவதும், அதிலிருந்து பெறப்படும் கோரிக்கையை எடுத்துரைப்பதுமே எமது பணியாகும்.

2

துறைமுகப் பகுதியில் மின்பொருள் திருத்தும் சிறு கடையொன்றில், மாலை வேளைகளில் ஐந்தாறு பேர் கூடுவதை நாம் சில காலமாக அவதானித்து வந்துள்ளோம். முச்சக்கரவண்டி ஓட்டுபவரும், ஆசிரியரும், துறைமுகத்தில் வேலைசெய்பவரும் அவர்களுள் அடங்குவர். கடைக்காரர் தடித்த பின்புறம் கொண்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை விற்காது வைத்திருக்கிறார். பறவை சுடும் விளையாட்டின் துப்பாக்கி, புதிய தட்டைத் திரையில் வேலைசெய்யாது என்பதே அதற்கு அவர் கூறும் காரணம். அது உண்மையும் ஆகும். அத்துப்பாக்கி குண்டு எறிவதில்லை. பழைய திரையின் ஒளி கோடுகோடாக வரையப்படும் அக்கணத்தை உணர்ந்து, குறி தப்பியதா இல்லையா எனத் தீர்மானிக்கின்றது. திரை மாறியதும் அக்கணம் மறைந்துவிடுகின்றது. அக்கடையிற் கூடுவோரில் எவருமே தம் சிறுவயதில் அக்கருவியைச் சொந்தமாக வைத்திருந்தவரல்லர் என்பதே எமது கவனத்தை முதலில் ஈர்த்தது.

வீட்டுக் கணனி என்னும் பண்டம் எங்ஙனம் தோன்றியது என்பதை இவ்விடத்திற் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1975இல் அமெரிக்காவின் மொஸ் டெக்னொலஜி நிறுவனம் 6502 என்னும் நுண்செயலியை 25 டொலருக்கு விற்கத் தொடங்கியது. அக்காலத்து ஏனைய நுண்செயலிகளின் விலை அதனைவிடப் பன்மடங்காக இருந்தது. ஆப்பிள் 2, பிபிசி மைக்ரோ முதலிய கணனிகளிலே அச்செயலி இடம்பெற்றது; அதன் வழிவந்த ஒன்று 1982இல் வெளியான கொமடோர் 64 கணனியில் அமைந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஸ்பெக்ட்ரம், வேறு செயலியைக் கொண்டிருப்பினும், 125 பவுண் என்னும் மலிவு விலையினால் தொழிலாளர் வீடுகளுக்குட் புகுந்தது.

ஸ்பெக்ட்ரம் ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரிலுள்ள ரைமெக்ஸ் தொழிற்சாலையிற் பொருத்தப்பட்டது. அங்கு உழைத்தோரிற் பெரும்பாலார் பெண்கள். டண்டீ, வங்காளத்துச் சணலை நூற்று நெய்து வளர்ந்த நகரம். கல்கத்தா ஆலைகள் தலையெடுத்த பின் அதன் சணற்றொழில் சரிந்தது. குடியேற்றப் பொருளாதாரத்தின் மிச்சமாக எஞ்சிய மலிவான பெண் உழைப்பின்மீதே இன்று வியந்து பேசப்படும் அக்கணனியும் எழுந்தது. 1993இல் நெடிய வேலைநிறுத்தமொன்றின் பின் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. சந்தை விற்கும் பழம்நினைவில் இப்பெண்களுக்கு இடமில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும் அக்கணனிகளிடத்து ஓர் அரிய பண்பு இருந்தது. கொமடோர் 64இன் மின்விசையை அழுத்தியதும், 38911 பைற் இடம் உமக்கென உண்டு என்று திரை அறிவித்து, ஆயத்தம் என்னும் பொருள்தரும் ஒற்றைச் சொல்லுடன் காத்து நிற்கும். அது காட்டுவதற்கு எதனையும் கொண்டிருக்கவில்லை, இருப்பவர் எழுதவேண்டும். பேசிக் என்னும் எளிய நிரல்மொழி பிறப்பிலேயே அதனுட் பதிக்கப்பட்டிருந்தது. சஞ்சிகைகள் அச்சிட்ட நிரல்களைச் சிறுவர் வரிவரியாகத் தட்டெழுதி, பிழை கண்டு திருத்தி, பின்னர் தாமே மாற்றியமைத்தனர். நுகர்வோருக்கும் ஆக்குவோருக்கும் இடையே சுவர் எழுப்பப்படாத கணம் அது. வானொலி ஒருவழியாக வழங்கும் கருவியாக நின்றுவிடாது, கேட்போரும் பேசும் கருவியாக மாறவேண்டுமென 1932இல் பிரெக்ற் வாதிட்டார். அவர் வானொலியிடம் வேண்டிய பண்பிற் சிறிதேனும் அவ்வீட்டுக் கணனிகளில் வாய்த்திருந்தது எனக் கூறின் மிகையாகாது.

3

இவ்வியந்திரம் எமது நாட்டுக்கு எவ்வழியே வந்தது? 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிக் கதவுகளைத் திறந்துவிட்டது. 1979இல் தொலைக்காட்சி வந்தது. 1982இல் ரூபவாகினி தொடங்கியது. 1983இல் தேசிய கணனிக் கொள்கை அறிக்கை வகுக்கப்பட்டது; 1984இல் கணனிக்கான அரச சபை நிறுவப்பட்டது. அறிவியற் புனைகதையாளர் ஆதர் சி. கிளார்க்கின் பெயரிலான தொழினுட்ப நிலையமும் அவ்வாண்டிலேயே மொறட்டுவையில் தோன்றியது.

கிளார்க்கின் பெயர் திருகோணமலைக்கு அந்நியமானதன்று. 1956இல் இலங்கைக்கு வந்த அவர், மைக் வில்சனுடன் சுவாமி மலையடியிற் கடலுள் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவிலின் தூண்களையும் கற்களையும் கண்டவர். அதே கிளார்க் 1983, 1984 காலப்பகுதியிற் கொழும்பிலிருந்தவாறு, கேப்ரோ என்னும் கணனியையும் தொலைபேசி இணைப்பையும் கொண்டு, லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிலிருந்த திரைப்பட நெறியாளர் பீற்றர் ஹயம்சுடன் நாள்தோறும் கடிதப் போக்குவரத்து நடத்தினார். அக்கடிதங்கள் நூலாகவும் வெளிவந்தன. அவருடைய 'ராமாவுடன் சந்திப்பு' என்னும் நாவல், 1984இல் வீட்டுக் கணனிகளுக்கான சொல்வழி விளையாட்டாகவும் ஆக்கப்பட்டது.

இத்தேதிகளை வேறு சில தேதிகளுக்கு அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். நின்டென்டோவின் பமிகொம் கருவி யப்பானில் விற்பனைக்கு வந்தது 1983 யூலை 15ஆம் நாள். அதற்கு ஒன்பது நாட்களின் பின், யூலை 24ஆம் நாளிரவு, கொழும்பிலே தமிழர்மீதான வன்செயல் தொடங்கிற்று. திருகோணமலையும் அவ்வாண்டில் எரிந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரண காரியத் தொடர்பு எதுவுமில்லை. ஆனால் சமச்சீரற்ற வளர்ச்சி என நாம் கூறுவது, ஒரே நாட்காட்டியில் இவ்விரண்டும் எழுதப்பட்டிருக்கும் நிலையையே. கொழும்பின் ஒரு மனையிலிருந்து கணனிக் கடிதங்கள் பசுபிக் சமுத்திரத்தைக் கடந்துகொண்டிருந்த மாதங்களிலே, அந்நகரிலிருந்து கப்பலில் வடக்கிற்கு அனுப்பப்பட்டோர் இழந்த வீடுகளுக்கு நட்டஈடு எதுவென அறியாதிருந்தனர்.

ஆகவே எமது பகுதிக்கு வீட்டுக் கணனி அதன் காலத்தில் வரவில்லை. பின்னர், 1990களில், பிரதியாக வந்தது. பமிகொம் கருவியைப் பார்த்துத் தாய்வானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட மலிவுப் பிரதிகள் தெற்காசியச் சந்தைகளை நிறைத்தன. மக்கள் அவற்றை 'ரீவி கேம்' என்றனர். மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியோரின் பெட்டிகளிலும், கொழும்புப் புறக்கோட்டைச் சரக்குகளோடும் அவை வந்து சேர்ந்தன. 9999 விளையாட்டுக்கள் எனப் பொறித்த அட்டையைச் செருகினால், பத்துப் பன்னிரண்டு விளையாட்டுக்களே பெயர் மாறி மாறித் தோன்றும்.

இக்கருவிகளின் உள்ளிருந்ததும் 6502 செயலியின் வழிவந்த ஒன்றே. அதாவது ஆப்பிள் கணனிக்கும் கொமடோருக்கும் உயிரளித்த அதே மூளை, எழுத்து விசைகள் நீக்கப்பட்டு, எழுதும் ஆற்றல் மறுக்கப்பட்டு எம்மிடம் வந்தது. மேற்கின் சிறுவனுக்கு ஆயத்தம் என்று சொல்லிக் காத்திருந்த இயந்திரம், எமது சிறுவனுக்குத் தொடங்கு என்னும் ஒரேயொரு பொத்தானைத் தந்தது. சீனத்துச் சுபோர் போன்ற சில கருவிகள் விசைப்பலகையுடனும் பேசிக் மொழியுடனும் வந்தன. அத்தகையவற்றைப் பிள்ளையின் படிப்புக்குக் கணனி எனக் கருதி வாங்கிய பெற்றோரும் உளர். எனினும் அப்பேசிக் மொழியைக் கற்பிக்கத் தமிழில் நூல் இருக்கவில்லை. விசைகள் இருந்தும் எழுத்து வரவில்லை.

பிரதிகளை இழிவாகக் கருதுதல் தவறு. மூலப்படைப்பின் ஒளிவட்டம் பற்றிப் பேசிய பெஞ்சமின், மறுபடியாக்கம் அவ்வட்டத்தை அழிப்பதன் மூலம் கலையைப் பெருந்திரளினருக்கு அருகில் கொணர்கிறது எனவும் கண்டார். எமது பகுதியிலே பிரதி என்பது பண்பாட்டுக்குள் நுழைய ஏழைகளுக்கு இருந்த ஒரே வாசல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதனைக் குற்றமென வரையறுத்தது. ஆனால் 2023இல் வெளியான ஓர் ஆய்வு, ஐக்கிய அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுக்களில் 87 வீதமானவை இன்று சட்டப்படி வாங்கக் கிடைப்பதில்லை எனக் கண்டது. உரிமையாளர் கைவிட்டவற்றை உயிரோடு வைத்திருப்பவை பிரதிகளும், பழைய இயந்திரத்தைப் போலச்செய்யும் எமுலேற்றர் நிரல்களுமே.

4

இனி விளையாட்டுக்களையே சற்று நெருங்கி நோக்குவோம். உள்ளடக்கத்தை மட்டும் கண்டு தீர்ப்பளிப்பது விமர்சனத்தின் பழைய குறைபாடு. வடிவத்தைக் கணக்கெடாது போனால் விளையாட்டுக்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எமது பகுதியிற் பெரிதும் விரும்பப்பட்டது, நம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட தாங்கி விளையாட்டு. திரையின் அடியில் ஒரு கழுகுச் சின்னம். அதனைச் சுற்றிச் செங்கற்சுவர். ஒவ்வொரு கட்டத்திலும் 20 பகைத் தாங்கிகள் மேலிருந்து வருகின்றன. எண்ணெய்த் தாங்கிகளின் நகரில் யுத்த தாங்கி விளையாடினோம் என்று கடையிற் கூடுவோர் நகைப்பதுண்டு. சீனக்குடாவில் பிரித்தானியர் அமைத்த ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளையும், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியதையும், 1987இன் இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இத்துறைமுகம் இடம்பெற்றதையும் அறிந்தோருக்கு அந்நகை எளியதன்று. தாம் வாழும் ஊரே பிறர் வரைபடத்தில் ஒரு கட்டமாக இருப்பதை அவர்கள் அறிவர்.

இவ்விளையாட்டின் நுட்பம் வேறிடத்தில் உள்ளது. கழுகைக் காக்கும் சுவரைப் பகைவனது குண்டு போலவே எமது குண்டும் உடைக்கும். அவசரத்தில் எமது குண்டே கழுகில் பட்டால் ஆட்டம் முடிந்துவிடும். தோழனின் தாங்கிமீது எமது குண்டு பட்டால் அவர் சிறிது நேரம் அசைவற்று நிற்பார். பகைவனை அழிக்கும் வேகத்தில் தன் தளத்தையும் தோழனையும் இழக்கக்கூடும் என்பதை இதனைவிடச் சுருக்கமாக ஓர் ஒன்பது வயதுச் சிறுவனுக்குக் கூறும் வடிவத்தை நாம் அறியோம். முப்பதாண்டுப் போரின் பின் அதனை மீண்டும் ஆடும் நாற்பது வயதினர் அதனை வேறு பொருளில் வாசிக்கின்றனர். மேலும், அவ்விளையாட்டில் ஆடுபவரே தம் களத்தைக் கட்டியமைக்கும் ஒரு பகுதி உண்டு. செங்கல், இரும்பு, நீர், பற்றை ஆகியவற்றைக் கொண்டு சிறுவர் தம் தெருக்களை அமைத்தனர். மின்சாரம் நின்றால் கட்டியது அழிந்துபோகும். ஆயினும் மூடப்பட்டு வந்த அவ்வியந்திரத்தில் திறந்திருந்த ஒரே சாளரம் அதுவே. இன்றும் கடையில் அதிக நேரம் செலவாவது அச்சாளரத்திலேதான்.

இரண்டாவது, கொனாமி நிறுவனத்தின் 'கொன்ட்ரா'. 1987இல் வெளியான இவ்விளையாட்டின் பெயர், நிகரகுவாவின் சன்டினிஸ்டா அரசைக் கவிழ்க்க அமெரிக்கா ஊட்டி வளர்த்த ஆயுதக் குழுவினரையும் குறித்ததாகும். இரு வீரர் காட்டினூடே சுட்டுக்கொண்டே முன்னேறுகின்றனர். இதன் உள்ளடக்கம் ஏகாதிபத்தியக் கற்பனை என்பதில் ஐயமில்லை. போர்ப்பிரதேசத்துச் சிறுவர் துப்பாக்கியைக் கண்டு மகிழப் பழகினர் என்னும் குற்றச்சாட்டையும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் இருவர் ஆடும்போது வடிவம் உள்ளடக்கத்தோடு முரண்படுகின்றது. அருவியின்மேல் ஏறும் கட்டத்தில் ஒருவர் காத்திராது மேலே பாய்ந்தால், திரை அவரோடு உயர, கீழே நிற்பவர் திரைக்கு வெளியே விழுந்து இறப்பார். வேகமானவர் மெதுவானவருக்காக நின்றேயாக வேண்டும். அக்கட்டத்தை நினைவுகூருவோர் பகைவரைப் பற்றிப் பேசுவதில்லை. நில்லடா, நானும் வாறன் என்று தாம் கூவியதையே சொல்கின்றனர்.

மூன்றாவது 'டெட்ரிஸ்'. இதன் பிறப்பு வேறுவகைப்பட்டது. 1984இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணனி நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னொவ், எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணனியில் இதனை ஆக்கினார். அக்கணனிக்குப் படம் வரையும் வசதி இருக்கவில்லை. கட்டங்களை அடைப்புக்குறிகளால் அமைத்தார். விளையாட்டு கையிலிருந்து கைக்குப் பிரதியாகி நாடெங்கும் பரவியது. பின்னரே மேற்குலக நிறுவனங்கள் உரிமைக்காகப் போராடின. ஆக்கியவருக்கு உரிமை கிடைத்தது 1996இல், சோவியத் ஒன்றியம் மறைந்த பின்னரே. எமது தெருக்களில் இது சீனத்துக் கையடக்கக் கருவியாக, இரு பற்றரிகளுடன், மின்சாரம் அற்ற வீடுகளுக்கும் சென்றது.

ஏழு வடிவத் துண்டுகள். பத்துக் கட்ட அகலமுள்ள கிடங்கு. நிறைந்த வரிசை மறையும். பிழைவிட்ட இடைவெளி மட்டும் எஞ்சிக் குவியும். வெற்றி என்று ஒரு முடிவு இதில் இல்லை. இதனை அந்நியமாதலின் உருவகமாக வாசித்தல் எளிது. உழைத்து முடித்த வேலை கண்ணெதிரே மறைய, குறைகளே கணக்கிற் சேரும் நிலையைத் தொழிலாளர் அறிவர். கப்பலின் அறையில் மூட்டை அடுக்கும் நாட்டாமைகளின் தொழிலோடு இதனை ஒப்பிட்டவர், அக்கடைக்கு வரும் துறைமுகத் தொழிலாளி ஒருவரே. ஆனால் அவர் கூறிய வேறுபாடு எமது வாசிப்பைத் திருத்தியது. இங்கு இடைவெளி விட்டால் எவரும் ஏசுவதில்லை, சம்பளமும் வெட்டுவதில்லை என்றார். உழைப்பின் நுட்பம், அதனைச் சுரண்டும் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, தன்னளவில் இன்பமாக நிற்கும் நிலையையே அவர் சுட்டினார். விளையாட்டின் சமூகப் பொருள் பற்றி நாம் வாசித்த பலவற்றைவிட இது தெளிவானதாகும்.

5

இவ்வின்பத்தின் காலப்பின்னணியை இனி நேரே நோக்குதல் வேண்டும். 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்தம் கைச்சாத்தானது. பொருட்கள் வந்தன, உறவினர் வந்தனர். ஒழுங்கைக்கு ஒரு வீட்டில் ரீவி கேம் இருந்தது. அவ்வீட்டுத் திண்ணையில் ஒழுங்கைச் சிறுவர் அனைவரும் முறைவைத்துக் காத்திருந்தனர். கடைகளில் மணிக்கணக்கிற் காசு கொடுத்து ஆடுவோரும், காசின்றிப் பின்னால் நின்று பார்ப்போரும் இருந்தனர். பார்த்தவரே பெரும்பான்மையினர். இன்று அவர்களே ஆடுகின்றனர்.

அக்காலம் நீடிக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் கரையோரத்தை அழித்தது. 2006 சனவரி 2ஆம் நாள் மாலை, நகரின் கடற்கரையில் காந்தி சிலையருகே கூடியிருந்த தமிழ் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இளைஞர் மாலையிற் கூடிப் பேசும் இடம் அது. அதன் பின்னர் பெற்றோர் பிள்ளைகளை மாலையில் வெளியே விடவில்லை. அவ்வாண்டு ஏப்ரலிற் சந்தைக் குண்டுவெடிப்பும் அதனைத் தொடர்ந்த வன்செயலும், யூலையில் மாவிலாறும் வந்தன. கடற்கரை மூடப்பட்டபோது எஞ்சியது அடைத்த கதவும், தாழ்த்திய ஒலியும், சிறு திரையும். தப்பித்தல் என்னும் சொல்லை இவ்விடத்திற் பயன்படுத்துவோர், எதிலிருந்து என்னும் வினாவையும் உடன் எழுப்ப வேண்டும்.

ஆகவே இன்று அவ்விளையாட்டை எடுப்பவர் நாடுவது கருவியை எனக் கொள்ளுதல் பொருந்தாது. அவர் நாடுவது, பயமின்றிப் பலர் ஒரு திண்ணையில் இருக்க முடிந்த அச்சில ஆண்டுகளை. அந்த ஆண்டுகளைச் சந்தையில் வாங்க முடியாது. ஸ்வெட்லானா பொய்ம் 2001இல் பழம்நினைவேக்கம் பற்றி எழுதிய நூலில், இழந்த வீட்டை மீளக்கட்ட விழைவதையும், இழப்பையே எண்ணி ஆராய்வதையும் வேறுபடுத்தினார். அக்கடையில் நாம் காண்பது இரண்டாம் வகையினது. ஒரே விளையாட்டை ஆடிக்கொண்டே, இதில் என்னோடு ஆடியவர் இன்று எங்கே என்று ஒருவர் கேட்பார். சிலர் கனடாவில், சிலர் இல்லை.

இவ்விடத்தில் எமது நிலைப்பாட்டின் குறையையும் கூறுதல் கடன். நாம் போற்றும் அத்திண்ணையிற் பெண்பிள்ளைகள் இருக்கவில்லை. அவர்கள் உள்ளே சமையலில் உதவினர்; அல்லது கதவடியில் நின்று பார்த்தனர். டண்டீயில் கணனியைப் பொருத்தியவர்கள் பெண்கள். திருகோணமலையில் விளையாட்டை ஆடாதவர்களும் பெண்கள். இரவலிலும் பங்கு பெறாதோரின் நினைவு எத்தகையது என்பதை எந்த மறுவடிவக் கருவியும் கேட்பதில்லை. இன்றைய மாலைக் கூட்டமும் ஆண்களின் கூட்டமாகவே உள்ளது. கூட்டு இன்பம் என நாம் கூறியது பாதிக் கூட்டத்தின் இன்பமே என்பதை ஒப்புக்கொள்ளாது மேற்செல்ல இயலாது.

6

மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' என்னும் சிறுகதை, சொந்தத் தோணி ஒன்றுக்கான ஏழைக் கடற்றொழிலாளியின் ஏக்கத்தை மையமாகக் கொண்டது. பிறர் தோணியில் உழைப்பதற்கும் தன் தோணியைச் செலுத்துவதற்கும் உள்ள தூரமே அக்கதையின் துயரம். கணனியைப் பொறுத்தவரையில் எமது மக்களின் நிலையும் அதுவே. இன்று ஏறத்தாழ ஒவ்வொருவர் கையிலும் கணனி உண்டு. கைத்தொலைபேசி என்பது அதன் பெயர். 1982இன் இயந்திரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆற்றலுடையது. ஆனால் அதனைத் திறந்தால் ஆயத்தம் என்னும் சொல் தோன்றுவதில்லை. பிறர் தோணியில் நாம் பயணிகளாக இருக்கிறோம்.

பழைய வடிவங்களைப் பேணுதல் பற்றி எமக்கொரு படிப்பினை உண்டு. 1960களிற் பேராதனையில் வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை மீட்டெடுத்தபோது, பழமை பேணலா புதுமை ஆக்கமா என்னும் விவாதம் எழுந்தது. 1969இல் மௌனகுருவின் 'சங்காரம்', வடமோடிக் கூத்தின் ஆட்டத்திலும் பாட்டிலும் சாதிக்கும் வர்க்கத்துக்கும் எதிரான போராட்டத்தை அமைத்துக் காட்டியது. வடிவத்தைக் காட்சிப்பேழையில் வைப்பதைவிட அதனை ஆடுவதும், ஆடுவதைவிட அதில் புதியதைப் படைப்பதும் மேலானவை என்பதே அதன் பாடம். கொமடோர் 64க்கு இன்றும் புதிய நிரல்கள் எழுதுவோர் ஐரோப்பாவில் உள்ளனர். குறுகிய நினைவகத்துள் ஒளியும் இசையும் படைக்கும் அவர்தம் கலையை 2020இல் பின்லாந்தும் 2021இல் ஜேர்மனியும் பண்பாட்டு மரபுரிமையாக ஏற்றுக்கொண்டன. பழைய இயந்திரம் அவர்களுக்கு யாப்பாகிவிட்டது. வெண்பாவின் கட்டுப்பாடு புலவனுக்குத் தடையாக இருந்ததில்லை என்பதைத் தமிழ் வாசகருக்குக் கூற வேண்டியதில்லை.

இதிலிருந்து எமது கோரிக்கை பெறப்படும். பழைய கணனியை ஆடி மகிழ்வோரை ஏளனம் செய்யாதிருத்தல் முதற்படி. அவர்கள் கையில் இருப்பதை எழுதும் கருவியாக மாற்றுதல் அடுத்தபடி. பேசிக் போன்ற எளிய நிரல்மொழி ஒன்றின் அடிப்படைகளைத் தமிழில், எமது பிரதேசச் சிறுவருக்கு விளங்கும் உதாரணங்களுடன், சிறு நூலாக்குதல் கடினமான செயலன்று. கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திலே கணனி விஞ்ஞானம் கற்கும் மாணவரும், தமிழ்ச் சங்கங்களும் இணைந்தால் அது இயலும். பழைய செயலியின் கட்டளைகள் சிலவே. ஒரு பிள்ளை அதனை முழுதாக விளங்கிக்கொள்ள முடியும். இன்றைய இயந்திரம் எதனையும் அவ்வாறு விளங்கிக்கொள்ள முடியாது. பழைய இயந்திரத்தின் முற்போக்கான பண்பு இதுவே. அவ்வகுப்பின் முதல் வரிசையிற் பெண்பிள்ளைகள் அமர்தல் வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறோம்.

மார்க்சின் வினாவுக்கு இப்போது மீளலாம். வளர்ந்தவர் மீண்டும் குழந்தையாக முடியாது. சந்தை அவரை அவ்வாறு ஆக்குவதாகக் கூறிக் காசு பெறுகின்றது. அக்கடையிற் கூடுவோர் குழந்தையாக முயலவில்லை. அண்மையில் ஒரு மாலை, திருத்தப்பட்ட விசைப்பலகைக் கருவி ஒன்றில், ஆசிரியர் பேசிக் மொழியில் நான்கு வரி எழுதினார். திரையில் ஒரு புள்ளி இடமிருந்து வலமாக நகர்ந்தது, அவ்வளவே. கடையிலிருந்தோர் எழுந்து நின்று பார்த்தனர். முச்சக்கரவண்டி ஓட்டுபவர், அதனைத் திருப்பி ஓடச்செய்ய என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். இருபதாண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய அவ்வினாவுக்கு விடை கூறும் பொறுப்பு எம்முடையது.